யாருடைய சங்கம்?

2023 நவம்பர் 10, வெள்ளிக்கிழமை. தீபாவளிக்கு இரண்டு நாட்கள் இருந்தன. கண்டி யட்டிநுவர வீதியில் கடைகள் நிரம்பியிருந்த மாலையில், துணிக்கடை ஒன்றில் வேலை செய்யும் என் பழைய மாணவன் சேலை மடிப்பதை நிறுத்திவிட்டுக் கைபேசியை என் பக்கம் நீட்டினான். சர்வதேச கிரிக்கெட் பேரவை இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்திவிட்டது என்ற செய்தி.

"சேர், இனி நம்ம ஆளுங்க வெளையாடவே ஏலாதா?"

கடையில் நின்றவர்கள் எல்லோரும் அவனைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்று எல்லோரும். அந்தச் சில நாட்களுக்குள் நடந்ததை ஆளுக்கொரு துண்டாகச் சொன்னார்கள். நவம்பர் 2ஆம் திகதி மும்பையில் உலகக் கிண்ணப் போட்டியில் இந்தியாவிடம் இலங்கை 55 ஓட்டங்களுக்குச் சுருண்டது. 6ஆம் திகதி விளையாட்டுத்துறை அமைச்சர் ரொஷான் ரணசிங்க, தேர்தலில் வந்த கிரிக்கெட் நிர்வாகத்தைக் கலைத்து, அர்ஜுன ரணதுங்க தலைமையில் ஏழு பேர் கொண்ட இடைக்காலக் குழுவை நியமித்தார். மறுநாளே மேன்முறையீட்டு நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 9ஆம் திகதி நிர்வாகம் விலக வேண்டும் என்று நாடாளுமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. அடுத்த நாள் தடை. அரசாங்கத் தலையீடு என்பதே சர்வதேசப் பேரவை சொன்ன காரணம். அதன்பின், அடுத்த ஜனவரியில் இங்கே நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போனது. நவம்பர் 27ஆம் திகதி ஜனாதிபதி அந்த அமைச்சரையே பதவி நீக்கினார். 2024 ஜனவரி 28இல் தடை நீங்கியது.

இவ்வளவையும் நாடு முழுக்கப் பேசிற்று. பேசியவர்களில் பெரும்பாலோர் ஒன்றில் அமைச்சர் பக்கம் நின்றார்கள், இல்லாவிட்டால் நிர்வாகத்தின் பக்கம் நின்றார்கள். எனக்கு எந்தப் பக்கமும் நிற்க முடியவில்லை. கண்டியைச் சுற்றியுள்ள தமிழ்ப் பாடசாலைகளில் விளையாட்டு ஆசிரியனாக வாழ்நாளைக் கழித்தவன் நான். ஒரு சங்கத்துக்குத் தலைவர் எப்படி வருகிறார் என்பதைக் கீழே இருந்து பார்த்தவன். அந்த அனுபவம்தான் இதை எழுத வைக்கிறது.

அர்ஜுனவை நான் முதன்முதலில் நேரில் பார்த்தது 1983 ஏப்ரலில், அஸ்கிரியவில். கண்டியில் நடந்த முதல் டெஸ்ட் அது, அவுஸ்திரேலியாவுக்கு எதிராக. திரித்துவக் கல்லூரியின் மைதானம், மூன்று பக்கமும் மலைச்சரிவு. எனக்கு இருபது வயது. சரிவில் புல்லில் உட்கார்ந்து பார்த்தோம். பத்தொன்பது வயது அர்ஜுன முதல் இன்னிங்ஸில் 90 அடித்தார். இரண்டாவது இன்னிங்ஸில் சிதத் வெத்தமுனி 96. இரண்டு பேரும் நூறைத் தொடவில்லை. நாங்கள் இன்னிங்ஸாலும் 38 ஓட்டங்களாலும் தோற்றோம். ஆனாலும் வீடு திரும்பும்போது தோற்ற மாதிரியே இல்லை. மூன்று மாதம் கழித்து, தமிழர்கள் மீது வன்முறை கட்டவிழ்ந்த ஜூலை வந்தது. அதற்குப் பிறகு நீண்ட காலம் அந்தச் சரிவில் உட்கார எனக்கு மனம் வரவில்லை.

அன்று அஸ்கிரியவில் ஆடிய அந்த இரண்டு பேருமே பின்னாளில் இலங்கை கிரிக்கெட்டின் இடைக்காலக் குழுக்களுக்குத் தலைவர்கள் ஆனார்கள். அர்ஜுன 2008இல், வெத்தமுனி 2015இல். இருவரும் தேர்தலில் வரவில்லை. அந்தந்தக் காலத்து அமைச்சரின் கடிதத்தில் வந்தவர்கள். 1999இல் தொடங்கிய பழக்கம் இது. அந்த ஆண்டுப் பொதுக்கூட்டம் குழப்பத்தில் முடிய, ரியன்சி விஜேதிலக்க தலைமையில் இடைக்காலக் குழு வந்தது. அதன்பின் தேர்தல், கலைப்பு, நியமனம், மறுபடி தேர்தல் என்று மாறி மாறி வந்தது. இரண்டாயிரங்களின் நடுவிலிருந்து 2012 வரைக்கும் தேர்தலே இல்லாமல், நியமனத்திலேயே நிர்வாகம் ஓடியது.

2023 நவம்பர் 6ஆம் திகதி எங்கள் ஊரில் பலர் மகிழ்ந்தது எனக்கு விளங்கியது. 1996இல் லாகூரில் கிண்ணத்தைத் தூக்கிய மனிதர் மறுபடி வருகிறார் என்றால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது? பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் ஒருவர், "அர்ஜுன வந்திட்டாருல்ல, இனி எல்லாம் சரியாகிரும்" என்றார். நான் அவருக்கு 2008ஐ நினைவூட்டினேன். அந்த ஆண்டு ஜனவரியில் அமைச்சர் அர்ஜுனவை நியமித்தார். டிசம்பரில் அதே பதவியிலிருந்து நீக்கினார்கள். முழுதாக ஒரு வருடம்கூட இல்லை. வந்தது நல்ல ஆளா கெட்ட ஆளா என்பது அங்கே கணக்கில் வரவேயில்லை. நியமித்த கையே எடுத்துவிடும் என்பது மட்டும் தெரிந்தது. அப்படி வந்தவர் ஐந்து வருடம் தள்ளி நினைத்து ஒரு திட்டம் எப்படிப் போடுவார்? மாகாணப் பாடசாலைகளுக்குப் புல்தரை ஆடுகளம் போட்டுக் கொடுப்பது ஒரு வருடத்து வேலையா?

இந்த அதிகாரம் அமைச்சருக்கு எங்கிருந்து வந்தது என்று என் மாணவர்கள் கேட்பார்கள். 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம். ஒரு தேசிய சங்கத்தை நிறுத்திவைக்கவும், அதன் இடத்தில் தன் ஆட்களை இருத்தவும் அமைச்சருக்கு அது வழி விடுகிறது. வெளிநாடு போகும் தேசிய அணிக்கு அமைச்சரின் ஒப்புதல் வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் கீழ்தான். 2017 டிசம்பரில் இந்தியாவுக்கு ஒருநாள் தொடருக்குப் புறப்பட்ட வீரர்கள், அணித்தலைவர் திசர பெரேரா உட்பட ஒன்பது பேர், அமைச்சர் கையெழுத்திடவில்லை என்பதால் கிளம்ப முடியாமல் திரும்பினார்கள். நாட்டுக்காக ஆடப் போகிறவர்கள் பயணப் பெட்டியோடு நின்ற அந்தச் செய்தியை வகுப்பில் வாசித்துக் காட்டியபோது பிள்ளைகள் நம்பவில்லை.

அப்படியென்றால் தேர்தல்தானே மருந்து என்று கேட்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

தொண்ணூறுகளில் நாங்கள் சில இளைஞர்களைச் சேர்த்து ஒரு சிறு விளையாட்டுக் கழகம் நடத்தினோம். தோட்டங்களிலிருந்து டவுனுக்கு வேலைக்கு வந்த பையன்கள், கடைப் பையன்கள், பாடசாலையை விட்டவர்கள். ஒரு மாவட்டச் சங்கத்தில் அங்கத்துவம் எடுத்தோம். எந்த விளையாட்டு, எந்தச் சங்கம் என்பதை இங்கே சொல்ல விரும்பவில்லை. சந்தா கட்டினோம், ரசீது வாங்கினோம். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குக் கழகத்தின் பிரதிநிதியாக நான் போனேன். போய் உட்கார்ந்த பிறகு கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் புதிய தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லோருடைய பெயரும் ஏற்கனவே தட்டச்சாகி இருந்தது. ஒருவர் முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார், கை தட்டினார்கள். தேநீர் ஆறுவதற்குள் சங்கத்துக்குப் புதிய நிர்வாகம் வந்துவிட்டது. தலைவராக வந்தவரை நாங்கள் யாரும் எந்த மைதானத்திலும் கண்டதில்லை.

நான் எழுந்தேன். சிங்களத்தில் மூன்று கேள்விகள் கேட்டேன். இந்தச் சங்கத்தில் வாக்குரிமை உள்ள கழகங்கள் எத்தனை, அவற்றில் இந்த வருடம் விளையாடியவை எத்தனை? இந்தப் பட்டியலை யார், எப்போது தயாரித்தது? வேட்புமனு கேட்டு எங்கள் கழகத்துக்கு ஏன் கடிதம் வரவில்லை? கூட்டத்தில் யாரும் என்னைத் திட்டவில்லை. எழுத்தில் பதில் தருகிறோம் என்று மரியாதையாகச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்தவர் அக்குறணையிலிருந்து வந்த இன்னொரு கழகத்துச் செயலாளர், நல்ல மனிதர். என் சட்டைக் கையைப் பிடித்து மெல்ல இழுத்தார்.

"மாஸ்டர், ஜனவரில கிரவுண்ட் கேட்டு இவங்கள்ட்டத்தானே போகோணும்?"

எழுத்தில் பதில் வரவில்லை. அடுத்த பருவத்தில் எங்களுக்குக் கிடைத்த மைதான நேரமெல்லாம் கடைப் பையன்கள் வர முடியாத வார நாட்களில் இருந்தது. நான் தொடர்ந்து கடிதம் எழுதினேன். கழகம் இரண்டு பருவத்தில் கரைந்தது. அந்தக் கழகத்தில் இடதுகையால் ஆடிய ஒரு பையன் இருந்தான். நான் பயிற்றுவித்தவர்களில் அவனைப் போல இன்னொருவனைக் காணவில்லை. அவன் இப்போது கட்டாரில் லொறி ஓட்டுகிறான்.

அந்த அக்குறணைக்காரர் என் காதில் சொன்ன ஒரு வரியில் இலங்கை விளையாட்டுச் சங்கங்களின் தேர்தல் முழுவதும் அடங்கியிருக்கிறது. வாக்களிப்பவருக்கு மைதானம் வேண்டும், பந்து வேண்டும், பயணச் செலவு வேண்டும், நடுவர் வேண்டும். இதையெல்லாம் கொடுக்கிறவர் யாரோ, அவருக்குத்தான் வாக்குப் போட வேண்டியிருக்கிறது. இதில் கழகத்துச் செயலாளரைக் குறை சொல்லி என்ன பயன்? அவருக்குப் பின்னால் சப்பாத்து இல்லாத பதினைந்து பையன்கள் நிற்கிறார்கள்.

தேசிய கிரிக்கெட்டில் இதே உறவு பெரிய தொகைகளில் நடக்கிறது. இலங்கை கிரிக்கெட் நிறுவனத்தின் பொதுச்சபையில் கழகங்கள், மாவட்டச் சங்கங்கள், மாகாணச் சங்கங்கள், பல்வேறு அமைப்புகள் என்று 140க்கும் மேற்பட்ட வாக்குகள் இருந்தன. இரண்டு கோடிச் சொச்சம் மக்கள் உள்ள தீவுக்கு இது எதற்கு? வாக்கு கூடினால் ஜனநாயகம் கூடும் என்பது இங்கே பொருந்தாது. நிறுவனம் தரும் மானியத்தை நம்பியிருக்கும் அமைப்புகளே அந்த நிறுவனத்தின் தலைவரைத் தெரிவு செய்கின்றன. ஷம்மி சில்வா 2019இல் தலைவரானார். 2021, 2023, 2025 என்று தொடர்ந்து தலைவரானார். 2025 மார்ச்சில் அவரை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. சட்டப்படி அது செல்லுபடியான தெரிவு, அதில் சந்தேகமில்லை. ஆனால் 55 ஓட்டங்களுக்குச் சுருண்டு, நாடாளுமன்றமே திரண்டு, சர்வதேசத் தடையும் வந்து போன ஒரு நிர்வாகத்துக்குப் பிறகு, நாடு முழுவதும் தேடினாலும் எதிர்த்து நிற்க ஒருவர் இல்லை என்றால், அந்த வாக்காளர் பட்டியலைத்தான் நான் சந்தேகிப்பேன்.

சங்க நிர்வாகம் பற்றிய இந்தக் கேள்வியைக் கண்டியிலிருந்து பிறர் கேட்கவில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மிகப் பெரிய மேடைகளில் கேட்ட இரண்டு பேர் எங்கள் ஊர்ப் பாடசாலைகளிலிருந்து போனவர்கள்தான்.

2011 ஜூலை 4ஆம் திகதி, லண்டன் லோர்ட்ஸில், குமார் சங்கக்கார கவுட்ரி நினைவுப் பேருரையை ஆற்றினார். மாத்தளையில் பிறந்து, திரித்துவக் கல்லூரியில் படித்து, கண்டியில் வளர்ந்தவர். அப்போது அவர் இலங்கை அணியில் ஆடிக்கொண்டிருந்தார். ஆடிக்கொண்டிருக்கும் வீரர் ஒருவர் அந்த உரையை ஆற்றியது அதுவே முதல் தடவை. உலகக் கிண்ணத்தை வென்ற பிறகு பணம் பெருகி, தொண்டு மனத்தோடு நடந்த நிர்வாகம் அதிகாரப் போட்டிக்கான இடமாக மாறிய கதையை அவர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். அரசியல் நியமனங்களையும், பொறுப்புச் சொல்லாத நிர்வாகத்தையும் சாடினார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

எங்கள் ஆசிரியர் அறையில் அந்த உரையின் ஒளிப்பதிவைக் கணினியில் போட்டுப் பார்த்தோம். சக ஆசிரியர்கள் எல்லோரும் நிர்வாகத்தைப் பற்றிய பகுதியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எனக்குக் கண் கலங்கியது அதற்கு முன்னாலேயே, ஜூலையைப் பற்றி அவர் பேசிய இடத்தில். 1983இல் அவருக்கு ஐந்து வயது. அவருடைய தகப்பனார் தம் உயிரைப் பொருட்படுத்தாமல் தமிழ் நண்பர்கள் முப்பத்தைந்து பேரைக் கண்டியில் தம் வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றினார். விளையாட நண்பர்கள் கிடைத்தார்கள் என்று மட்டும் அந்தச் சிறுவன் நினைத்தானாம். ஆபத்து நேரத்தில் கதவைத் திறந்த ஒரு வீட்டின் பிள்ளை, வளர்ந்த பிறகு தன் சொந்த நிறுவனத்தின் மூடிய கதவைத் தட்டியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இங்கே என்ன நடந்தது? அப்போதைய விளையாட்டுத்துறை அமைச்சர் மகிந்தானந்த அளுத்கமகே, எங்கள் கண்டி மாவட்டத்தின் நாடாளுமன்ற உறுப்பினர், அந்த உரையைப் பற்றி விசாரிக்கும்படி கிரிக்கெட் நிறுவனத்தைப் பணித்தார். உரையில் சொன்ன விடயங்களை விசாரிக்கச் சொல்லவில்லை, சொன்னவரைப் பற்றி விசாரிக்கச் சொன்னார். ஒன்பது ஆண்டுகள் கழிந்து, 2011 உலகக் கிண்ண இறுதிப் போட்டி விற்கப்பட்டது என்று அவர் குற்றஞ்சாட்டினார். 2020 ஜூலை 2ஆம் திகதி பொலிஸ் பிரிவு ஒன்று சங்கக்காரவைப் பத்து மணி நேரம் வரை விசாரித்தது. மறுநாளே சான்று எதுவும் இல்லை என்று விசாரணை முடிக்கப்பட்டது. அவரை விசாரித்த அன்று இரவு முழுக்கக் கண்டியில் இளைஞர்கள் கோபத்தில் இருந்தார்கள்.

அளுத்கமகே பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2015 ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னால் விளையாட்டுக் கழகங்களுக்குப் பகிர்ந்து கொடுப்பதற்கென்று 14,000 கரம் பலகைகளும் 11,000 தாம் பலகைகளும் அரச விற்பனை நிறுவனமான சதொச ஊடாக இறக்குமதி செய்யப்பட்ட விவகாரத்தில், அரசுக்கு இழப்பு ஏற்படுத்திய குற்றத்துக்காக 2025 மே மாதம் கொழும்பு மேல் நீதிமன்றம் அவருக்கு இருபது ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. பத்திரிகையில் அதை வாசித்தபோது அக்குறணைக்காரரின் முகம்தான் என் கண்முன் வந்தது. கழகங்களுக்கு வேண்டிய பொருளை யார் கையில் வைத்திருக்கிறாரோ, அவருக்குக் கழகங்களின் வாக்கு வேண்டும்.

கேள்வி கேட்ட அந்த இருவரில் மற்றவர் முத்தையா முரளிதரன். அவரைப் பற்றி எழுதும்போது கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்கிறது. கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியின் பையனாக, 1990 வாக்கில் அவர் பந்து வீசியதை மைதான ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பதினான்கு வயது வரை மிதவேகம் வீசியவரைச் சுழல் பந்துக்கு மாற்றியவர் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. பிஸ்கட் வியாபாரம் செய்த மலையகத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. 2007 டிசம்பர் 3ஆம் திகதி, அதே அஸ்கிரியவில், போல் கொலிங்வூட்டின் விக்கெட்டைத் தகர்த்து 709 என்று ஷேன் வோர்னைக் கடந்தபோது நான் என் மாணவர்களோடு அங்கே இருந்தேன். ஜூலைக்குப் பிறகு அந்தச் சரிவில் நான் மனதார உட்கார்ந்த நாள் அது. சுற்றியிருந்த சிங்கள இளைஞர்கள் எங்கள் பிள்ளைகளைத் தூக்கிச் சுற்றினார்கள்.

அவர் ஆடிய காலத்தில் நிர்வாகத்தைப் பற்றி அதிகம் பேசிக் கேட்டதில்லை. ஆனால் 2021 ஜனவரியில், வெத்தமுனி, மைக்கல் திசேரா, ஆனா புஞ்சிஹேவா, ரியன்சி விஜேதிலக்க போன்றவர்களோடு சேர்ந்து அவர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார். அமைச்சரிடம் போய் எங்களை நியமியுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. இலங்கை கிரிக்கெட்டுக்குப் புதிய யாப்பு வேண்டும் என்று கேட்டார்கள். மனுவில் கையொப்பமிட்டவர்களில் வெத்தமுனியும் விஜேதிலக்கவும் ஏற்கனவே அமைச்சரின் நியமனத்தில் தலைமையில் இருந்தவர்கள். நியமனத்தின் போதாமையை உள்ளே இருந்து கண்டவர்கள். அதனால் அந்த மனுவுக்கு நான் தனி மதிப்பு வைக்கிறேன். ஆளை மாற்றுவதில் பயனில்லை, ஆளைத் தெரிவு செய்யும் முறையை மாற்ற வேண்டும் என்று இருபது ஆண்டுகளில் அவ்வளவு தெளிவாக வேறு யாரும் கேட்டு நான் அறியேன். பின்னர் ஓய்வுபெற்ற நீதியரசர் சித்ரசிறி தலைமையிலான குழு ஒரு யாப்பு வரைபையும் தந்தது. வரைபு மேசையில் இருக்கும்போதே 2025 தேர்தல் நடந்து முடிந்தது.

கிரிக்கெட் மட்டும் என்றால் ஒருவேளை பணத்தின் பிழை என்று சொல்லிவிடலாம். ஆனால் 2023 என்ற அந்த ஒரே ஆண்டை எடுங்கள். ஜனவரியில் உதைபந்தாட்டத்தில் பீபா தடை, அது ஆகஸ்டு இறுதி வரை நீண்டது. மே மாதம் உலக ரக்பி அமைப்பு இலங்கை ரக்பியை இடைநிறுத்தியது. நவம்பரில் கிரிக்கெட். மூன்றிலும் அமைச்சுக்கும் சங்கத்துக்கும் இடையிலான இழுபறிதான். ரக்பித் தடை கண்டிக்கு எவ்வளவு வலித்தது என்று வெளியூர்க்காரருக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாது. இங்கே நித்தவெல மைதானத்தில் கண்டிக் கழகம் ஆடும் நாளில் மதியமே கடைகள் ஆளில்லாமல் போகும். திரித்துவத்துக்கும் ரோயலுக்கும் 1945 முதல் நடக்கும் பிராட்பி கேடயப் போட்டிக்கு வெளிநாட்டிலிருந்து விமானம் ஏறி வருகிறவர்கள் உண்டு. போகம்பரை மைதானத்தில் ஓடும் உதைபந்தாட்டப் பையன்களுக்கோ அந்தத் தடைக் காலத்தில் தேசிய அணி என்று கனவு காண ஒன்றுமே இருக்கவில்லை. தலைவர் பதவியில் இருந்தவர்களும், அவர்களை நீக்கிய அமைச்சர்களும் எந்த ஆட்டத்தையும் இழக்கவில்லை. இழந்தவர்கள் பதினெட்டு, இருபது வயதில் உள்ளவர்கள். விளையாட்டு வீரனுக்கு ஒரு வருடம் என்பது திரும்ப வராது.

அதே ஆண்டில் இந்தியாவில் மல்யுத்த வீராங்கனைகள் டில்லி ஜந்தர் மந்தரில் வீதியில் உட்கார்ந்திருந்ததை இங்கே தமிழ்த் தொலைக்காட்சிகளில் நாங்கள் பார்த்தோம். தங்கள் சம்மேளனத் தலைவர் மீது பாலியல் துன்புறுத்தல் குற்றச்சாட்டு வைத்து நீதி கேட்டார்கள். டிசம்பரில் நடந்த தேர்தலில் அவருக்கு நெருக்கமானவரே தலைவரானதும், ரியோ ஒலிம்பிக்கில் பதக்கம் வென்ற சாக்சி மாலிக் தன் சப்பாத்துகளை மேசையில் வைத்துவிட்டு விளையாட்டை விட்டு விலகினார். என் வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் எழுந்து அறைக்குள் போய்விட்டாள். அவளும் வலைப்பந்தாட்டம் ஆடியவள்.

ஆனால் இந்தியாவிலிருந்து கற்க வேண்டிய நல்லதும் ஒன்று உண்டு. நீதியரசர் லோதா குழு 2016 ஜனவரியில் கொடுத்த பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் அந்த ஜூலையில் ஏற்றது. அமைச்சர்கள் கிரிக்கெட் சபையில் பதவி வகிக்கக் கூடாது, எழுபது வயதுக்கு மேல் பதவி இல்லை, தொடர்ந்து பதவியில் இருந்தவர் இடைவெளி விட வேண்டும் என்றெல்லாம் விதி வந்தது. சில விதிகளைப் பிறகு நீதிமன்றமே தளர்த்தியது வருத்தம்தான். ஆயினும் ஒன்று நிலைத்தது. முன்னாள் வீரர்களின் சங்கம் ஒன்று அமைந்து, அதிலிருந்து ஓர் ஆணும் ஒரு பெண்ணும் உயர் சபையில் உட்காருகிறார்கள். ஆடியவருக்கு ஒரு நாற்காலி. நம் நாட்டில் இதை ஏன் செய்ய முடியவில்லை?

இப்போது ஓய்வில் இருக்கிறேன். மாலைகளில் சில சமயம் பல்லேகலைப் பக்கம் போவேன். 2010இல் முதல் டெஸ்ட் கண்ட அந்த அரங்குக்கு முரளியின் பெயர் வைப்பதென்று அந்த ஆண்டே மத்திய மாகாண சபை முடிவெடுத்தது. இன்றும் உலகம் அதைப் பல்லேகலை என்றே அழைக்கிறது. அரங்குக்கு வெளியே மென்பந்து ஆடும் பையன்கள் என்னைத் தெரிந்தவர்கள். கடினப் பந்து ஆட இவர்களுக்கு வசதி கிடையாது. அவர்களில் ஒருவன், 2025 தேர்தல் முடிந்த செய்தி வந்த பிறகு, "சேர், எதுத்து யாருமே நிக்கலன்னா அது எப்படி எலெக்‌ஷன்?" என்று கேட்டான். பதினாறு வயதுப் பையன். நான் அவனையும் அவன் கூட்டாளிகளையும் உட்கார வைத்து, நிழல் விழும் வரை பேசினேன். 1973 சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். வாக்குகளைப் பற்றிச் சொன்னேன். மானியம் யாருக்கு எவ்வளவு போனது என்று தேர்தலுக்கு முன்பே வெளியிட்டாக வேண்டும் என்று ஒரு விதி வந்தால் எத்தனை விடயம் மாறும் என்று சொன்னேன். விளையாடாத கழகத்துக்கு வாக்கு இருக்கக் கூடாது, ஒருவர் இத்தனை ஆண்டுக்கு மேல் பதவியில் இருக்கக் கூடாது, அமைச்சருக்குக் கலைக்கும் அதிகாரம் வேண்டுமென்றால் அதை நீதிமன்றத்தில் நிரூபித்த பிறகுதான் பயன்படுத்த வேண்டும் என்று சொன்னேன். அவர்கள் கவனமாகக் கேட்டார்கள். வாக்குரிமை வயது வந்தவர்கள் பலர் கேட்காத கவனத்தோடு கேட்டார்கள்.

என் மாணவர்கள் சிலர் சேர்ந்து மறுபடியும் ஒரு கழகம் தொடங்கியிருக்கிறார்கள். தோட்டத்துப் பையன்கள், டவுன் பையன்கள், இரண்டு முஸ்லிம் சகோதரர்கள், ஒரு சிங்களப் பையன். அதே மாவட்டச் சங்கத்தில்தான் அங்கத்துவத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். முதல் பொதுக்கூட்டத்துக்குப் போவதற்கு முன்னால் என்னைப் பார்க்க வந்தார்கள். அன்று நான் கேட்ட அந்த மூன்று கேள்விகளையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுத்தேன். வாயால் கேட்டால் போதாது, கூட்டக் குறிப்பில் பதியும்படி கேளுங்கள், பதிந்த பிரதியைக் கையோடு வாங்கி வாருங்கள் என்றேன். மைதானம் கொடுக்காமல் விட்டால் என்ன செய்வது என்று ஒருவன் கேட்டான். விட்டால் அதையும் எழுத்தில் கேளுங்கள், தனியாகப் போகாமல் மற்றக் கழகங்களையும் சேர்த்துக்கொண்டு போங்கள் என்றேன். அக்குறணைக் கழகத்தின் இன்றைய செயலாளரின் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்து அனுப்பினேன்.